யோகா, கராத்தே, குத்துச்சண்டை: கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்தில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும்போது கேட்பார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். நான் போதகர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன், ஞாயிறு பள்ளியில் பல வருஷம் பாடம் எடுத்தவன், அவ்வளவுதான். வசனங்கள் எல்லாம் நாம் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பில்.

யோகா செய்வது பாவமா? ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

ஒரே வார்த்தையில் முடியாது, ஏனென்றால் அந்த ஒரே பெயரில் பல சங்கதிகள் ஓடுகின்றன. முதுகுவலிக்குக் காலை நீட்டி மடக்குவதும் யோகாதான். ஒரு குருவிடம் தீட்சை வாங்கி, மந்திரம் ஜெபித்து, வருஷக்கணக்கில் செய்கிற சாதனையும் யோகாதான். முதலாவதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டாவது இன்னொரு மதத்தின் வழி. அது வழிபாடு என்று ஒப்புக்கொண்டு விலகி நிற்பதுதான் நமக்கும் நல்லது, அவர்களுக்கும் மரியாதை. தகராறெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மாலை நேர வகுப்புகளில்தான்.

ஆசனம் வெறும் உடற்பயிற்சிதானே?

எங்கள் அம்மா கதையைச் சொல்கிறேன். இடுப்பு வலிக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரு தாள் கொடுத்தார், ஆறு படம் போட்டது. அதில் மூன்றாவது படத்தில் குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும். கீழே ‘பிரஸ்-அப்’ என்று எழுதியிருந்தது. அம்மா இரண்டு மாதம் காலையும் மாலையும் பாய் விரித்து ஒழுங்காகச் செய்தார்கள், வலியும் குறைந்தது. அப்புறம் ஊரிலிருந்து வந்த சித்தி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது புஜங்காசனம்லா, பாம்பு மாதிரி நிக்கிறது” என்றார்கள். பாம்பு என்ற வார்த்தை போதும், மறுநாள் பாய் பரணுக்குப் போய்விட்டது. அதே முதுகு, அதே படம். மாறியது பெயர் மட்டும்தான்.

இது நம் வீட்டுக் கூத்து மட்டுமில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1993-ல் அரசுப் பள்ளிகளில் யோகாவுக்கே தடை போட்டார்கள். 2021-ல் தடையை எடுத்தபோது, ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும், மந்திரமும் முத்திரையும் கூடாது, ‘நமஸ்தே’ சொல்லக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கலிபோர்னியாவில் என்சினிடாஸ் என்ற ஊரில் பெற்றோர் சிலர் பள்ளி யோகாவை எதிர்த்து வழக்குப் போட்டு, 2013-ல் தோற்று, 2015-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அங்கே பத்மாசனத்தின் பெயரையே மாற்றிப் பிள்ளைகளுக்குச் சம்மணம் போடச் சொல்லிக் கொடுத்தார்களாம். நம் கிராமத்துக் கோயிலில் பாட்டிகள் எல்லோரும் பாயில் சம்மணம் போட்டுத்தான் இரண்டு மணி நேரம் பிரசங்கம் கேட்கிறார்கள், அது பெரிய விஷயமாக நமக்குப் பட்டதேயில்லை.

ஆனால் “வெறும் உடற்பயிற்சி” என்று முடித்துவிடவும் முடியாது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது மூன்றே சூத்திரங்கள். மீதியெல்லாம் மனதைப் பற்றியும் சமாதியைப் பற்றியும். ஈசுவரனிடம் தன்னை ஒப்படைப்பதும் அதில் உண்டு. பதஞ்சலி வரைக்கும் ஏன் போக வேண்டும், நம் திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிவாகச் சொல்கிறார், அதை யாராவது உடற்பயிற்சிப் புத்தகம் என்பார்களா?

இன்றைக்கு வகுப்புகளில் நடக்கிற, வியர்க்க விறுவிறுக்க ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற யோகா பெரும்பாலும் 1930-களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் சொல்லிக்கொடுத்ததிலிருந்து கிளைத்தது. பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவருடைய மாணவர்கள். அந்தக் காலத்து மல்யுத்தப் பயிற்சியும் ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸும் அதில் கலந்திருக்கின்றன என்று வாதிடுகிற ஆய்வாளர்கள் உண்டு. ஆக, வேர் ஒன்று, கிளை வேறு. இரண்டும் உண்மை. வசதிப்படி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் வாதத்தைக் கெடுக்கிறது.

வேர் அங்கே இருக்கும்போது கிளையை எப்படித் தொடலாம்?

இந்தக் கேள்விக்கு நமக்கு ஏற்கெனவே பதில் தெரியும், வேறு பெயரில். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆபீசில் பொரி, கடலை, சுண்டல் பொட்டலம் வருகிறதே, அதைச் சாப்பிடலாமா என்று எத்தனை வருஷமாக விவாதிக்கிறோம்! கொரிந்து சபையில் இருந்த சிக்கலும் இதேதான், விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி. பவுல் அங்கே இரண்டு பக்கமும் பேசுகிறார். “கடையில் விற்கப்படுகிற எதையும் வாங்கிப் புசியுங்கள்” என்கிறார், துருவித் துருவிக் கேட்காதே என்கிறார். அடுத்த மூன்றாம் வசனத்திலேயே, இது படைத்தது என்று ஒருவன் உன்னிடம் சொல்லிவிட்டால் அவனை முன்னிட்டுச் சாப்பிடாதே என்கிறார். விக்கிரகத்தின் பந்தியில் போய் உட்காருவதை மட்டும் ஒரேயடியாக மறுக்கிறார்.

கடையில் வாங்கிய இறைச்சி போன்றது அம்மாவின் தாள். பந்தியில் உட்காருவது போன்றது, தெய்வப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி மந்திரத்தோடு தொடங்குகிற வகுப்பு. உங்கள் வகுப்பு இதில் எதற்குக் கிட்டே என்று நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஓம் சொல்வது, சூரிய நமஸ்காரம் செய்வது?

நான் இங்கே நின்றுவிடுவேன். சூரிய நமஸ்காரத்தை மந்திரத்தோடு செய்யும்போது ‘மித்ராய நமஹ’ என்று தொடங்கிச் சூரியனின் பன்னிரண்டு பெயர்களுக்கு வணக்கம் சொல்கிறோம். வாய் ஒரு தெய்வத்தைக் கூப்பிடும்போது மனம் கொலஸ்ட்ராலை நினைத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குச் சரியான பதிலாகப் படவில்லை, அதை மனதாரச் சொல்கிற இந்து நண்பருக்கும் அது மரியாதை இல்லை. மந்திரம் இல்லாமல், பெயரும் இல்லாமல், குனிந்து நிமிர்ந்து அதே பன்னிரண்டு அசைவுகளைச் செய்தால்? செய்கிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மனமில்லை. “அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்று ரோமர் 14-ல் இருக்கிறதே.

சபைகள் என்ன சொல்கின்றன?

ஒன்று சொன்னது போல இன்னொன்று சொல்லவில்லை. 1989-ல் கிறிஸ்தவ தியானத்தைப் பற்றி வத்திக்கான் ஒரு நீண்ட கடிதம் வெளியிட்டது, கையெழுத்திட்டவர் பின்னாளில் பதினாறாம் பெனடிக்டாக ஆன கார்டினல் ராட்சிங்கர். மற்ற மதங்களின் முறைகளை எடுத்த எடுப்பில் தள்ளிவிட வேண்டாம், பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம் என்றது அந்தக் கடிதம். கூடவே, உடம்பில் வருகிற சுகமான அமைதியைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று ஏமாந்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தது. எனக்கு இந்த எச்சரிக்கை பிடிக்கும், ஏனென்றால் நம் உபவாசக் கூட்டங்களில் மைக்கும் கீபோர்டும் சேர்ந்து கிளப்புகிற உணர்ச்சிக்கும் அது பொருந்தும்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை 2020-ல் யோகா தங்கள் விசுவாசத்தோடு ஒத்துப்போகாது என்று திட்டவட்டமாக அறிவித்தது. கேரளத்தில் சீரோ மலபார் சபையின் கோட்பாட்டுக் குழு 2018-ல் கிட்டத்தட்ட அதையே சொன்னது, சொந்த சபைக்குள்ளேயே மறுத்துப் பேசியவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் பாப்திஸ்து தலைவர் ஆல்பர்ட் மோலர் 2010-ல் யோகா கூடாது என்று எழுதி, அதற்குக் குவிந்த திட்டு மின்னஞ்சல்கள் பெரும்பாலும் யோகா செய்கிற கிறிஸ்தவர்களிடமிருந்துதான் வந்தன. அதே காலத்தில் அமெரிக்க இந்து அமைப்பு ஒன்று யோகாவை இந்து மதத்திலிருந்து பிரிக்காதீர்கள் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தது. மோலரும் அவர்களும் எதிரெதிர் மூலையில் நின்று ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

நம் ஊர் பெந்தெகொஸ்தே சபைகள் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘கிறிஸ்தவ யோகா’ என்று ஒன்று உண்டா?

உண்டு, அதுவும் நம் காவிரிக் கரையிலேயே. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் 1950-ல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள், மோன்ஷானினும் ஹென்றி லெ சோவும், சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். லெ சோ அபிஷிக்தானந்தர் என்று பெயரே மாற்றிக்கொண்டார். 1968-ல் இங்கிலாந்துத் துறவி பீட் கிரிபித்ஸ் பொறுப்பேற்றார். காவி உடை, தரையில் உட்கார்ந்து தியானம், நற்கருணை, வேத உபநிடத வாசிப்பு எல்லாம் ஒரே இடத்தில். அதே ஆட்களைச் சிலர் ஞானிகள் என்பார்கள், சிலர் மதக் கலப்படக்காரர்கள் என்பார்கள். எனக்கு அவர்களிடம் பிடித்தது, யோகாவை அற்பமாக நினைக்கவில்லை என்பது. அதை ஒரு மதத்தின் ஆழமான காரியமாக எடுத்துக்கொண்டு, தங்கள் வாழ்க்கையையே அடமானம் வைத்து அதோடு பேசினார்கள். ஆசனத்துக்கு வசனப் பெயர் ஒட்டி ‘பரிசுத்த யோகா’ என்று விற்பது அந்த வகையில் சேராது. லேபிள் மாற்றுகிற வேலை அது.

மனதை வெறுமையாக்கினால் பிசாசு புகுந்துவிடும் என்கிறார்களே?

மத்தேயு 12-ல் பெருக்கி ஜோடித்த வெறும் வீட்டுக்கு அசுத்த ஆவி ஏழு பேரோடு திரும்பி வருகிற உவமையை வைத்துச் சொல்கிறார்கள். அந்த உவமை இயேசுவை நம்ப மறுத்த சந்ததியைப் பற்றியது, மூச்சுப் பயிற்சியைப் பற்றியது இல்லை. பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பிசாசு வந்துவிடும் என்றால், மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்துகொண்ட நம் எல்லோருக்கும் பிசாசு பிடித்திருக்க வேண்டுமே. கிறிஸ்தவ ஜெபம் ஒருவரோடு பேசுவது, வெறுமைக்காக வெறுமை தேடுவது நம் வழியில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுங்கள், பயமுறுத்த வேண்டாம்.

பள்ளியில், வேலையிடத்தில் கட்டாயம் என்றால்?

முதல் சர்வதேச யோகா தினம், 2015 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. வடகிழக்கு மாநிலச் சபைகள் அதற்கே வருத்தப்பட்டன. அந்த வருஷம் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு சூரிய நமஸ்காரத்தை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே மரியாதையாகக் கேட்டால் வழி கிடைக்கிறது. “என் பிள்ளை ஆசனம் செய்வான், சுலோகம் சொல்லமாட்டான்” என்று டைரியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் பிரச்சினை செய்வதில்லை. சீரியப் படைத்தலைவன் நாகமானையும் நினைத்துக்கொள்ளுங்கள். ராஜா தன் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் குனியும்போது நானும் குனிய வேண்டிவருமே என்று கலங்கியவனுக்கு எலிசா சொன்னது “சமாதானத்தோடே போ” என்பதுதான்.

சரி, கராத்தே, சிலம்பம், களரி? அங்கேயும் வணங்கத்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள், ஆனால் எதை என்று பாருங்கள். கராத்தே வகுப்பில் எதிராளிக்கும் மாஸ்டருக்கும் குனிவது ஜப்பானிய வணக்கம், நாம் கை கூப்புவது மாதிரி. சில இடங்களில் நிறுவனரின் படத்துக்குக் குனியச் சொல்வார்கள், அதிலும் எனக்குப் பெரிய சங்கடமில்லை, மரியாதை வேறு ஆராதனை வேறு. களரியில் மூலையில் பூத்தறை இருக்கும், அது வழிபாட்டு இடம், அங்கே நிலைமை வேறு. முவே தாய் என்கிற தாய்லாந்துக் குத்துச்சண்டையில் சண்டைக்கு முன் தலையில் கட்டுகிற பட்டையும் ஆடுகிற ஆட்டமும் பௌத்த நம்பிக்கையோடு ஒட்டியவை. குமரி மாவட்டத்தில் அடிமுறையும் வர்மமும் சொல்லிக்கொடுக்கும் கிறிஸ்தவ ஆசான்கள் இருக்கிறார்கள், ஆகவே கலையைச் சடங்கிலிருந்து பிரிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

பைபிளில் சண்டை விளையாட்டு உண்டா?

தமிழ் பைபிளில் சிலம்பமே உண்டு! 1 கொரிந்தியர் 9:26: “ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்.” கிரேக்க மூலத்தில் அது குத்துச்சண்டை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் யோசித்துப் பார்த்து, தமிழனுக்குக் காற்றில் வீசுவது என்றால் கம்புதான் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் பவுல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது போலத் தோன்றும். அடுத்த வசனத்தில் “என் சரீரத்தை ஒடுக்கி” என்று வருகிற இடத்தில் கிரேக்கச் சொல்லுக்கு நேர் அர்த்தம் கண்ணுக்குக் கீழே குத்துவது. கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன, குத்துச்சண்டையும் மல்யுத்தமும் அதில் உண்டு, கேட்பவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். 2 தீமோத்தேயு 2:5-ல் “மல்யுத்தம்பண்ணினாலும், சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்” என்றும் வருகிறது.

இதை வைத்து “பவுலே பாக்சிங்கை ஆதரித்தார்” என்று சொல்லிவிடாதீர்கள். உவமைக்கு எடுத்தார், அவ்வளவே. இயேசுவும் திருடனை உவமைக்கு எடுத்திருக்கிறார்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே?

வலது கன்னத்தில் அறைவது என்றால் வலக்கைக்காரன் புறங்கையால்தான் அறைய முடியும், அது அவமானப்படுத்துகிற அடி. பழிவாங்காதே என்பதுதான் பேச்சு. இரண்டு பேர் சம்மதித்து, விதி வைத்து, முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிற ஆட்டத்தில் பழிவாங்கல் இல்லை. பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்பு கற்றுக்கொடுப்பதை இந்த வசனத்தை வைத்துத் தடுக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அப்படியானால் குத்துச்சண்டை, எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டை எல்லாம் சரியா?

இங்கேதான் எனக்கும் நம் சபைகளுக்கும் ஒத்துப்போகவில்லை. யோகா என்றால் நூறு கேள்வி, சண்டை என்றால் ஒரு ஜெபம்.

என் அக்கா மகன் கராத்தே போட்டிக்குப் போனான், கல்யாண மண்டபத்தில் சிவப்பும் நீலமுமாகப் பாய் விரித்து நடத்தினார்கள். முந்தின ஞாயிறு ஆராதனையில் போதகர் அவன் தலையில் கை வைத்து ஜெபித்திருந்தார். அரையிறுதியில் எதிராளியின் கால் அவன் காதுக்கு மேல் பட்டது. விழவில்லை, ஆனால் ஒரு நொடி கண் எங்கேயோ போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். மாஸ்டர் முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி அனுப்பினார். ராத்திரி வெண்கலப் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தவனிடம் எங்கள் பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: “குனிஞ்சு கும்பிட்டியால?” தலையில் எத்தனை அடி என்று யாரும் கேட்கவில்லை.

தலையில் தொடர்ந்து குத்து வாங்கியவர்களுக்குத் தள்ளாட்டமும் குழறலும் வருகிறது என்று அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். மல்யுத்தத்தில், ஜூடோவில் அடிபடலாம், ஆனால் எதிராளியின் மூளையைக் குலுக்குவது அங்கே குறிக்கோள் இல்லை. குத்துச்சண்டையில் நாக்-அவுட் என்பதே அதுதான். பெரியவர்களான ஆண்களின் அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டிகளில் தலைக்கவசத்தை 2013-ல் எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெறும் தலையோடுதான் ஆடினார்கள். உடம்பு தேவனுடைய ஆலயம் என்று சிகரெட்டுக்கு எதிராகப் பிரசங்கிக்கிறவர்கள் இங்கே ஏன் வாய் திறப்பதில்லை?

சபை எப்போதும் வாயை மூடியிருந்ததும் இல்லை. 1139-ல் ரோமில் கூடிய பிஷப்புகளின் மாநாடான இரண்டாம் லாத்தரன் சங்கம், குதிரைவீரர்களின் பந்தயச் சண்டைகளைத் தடைசெய்து, அதில் செத்தவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றது. அந்தத் தடைகளை 1316-ல்தான் விலக்கிக்கொண்டார்கள். 2005-ல் இயேசு சபையினரின் ரோமாபுரிப் பத்திரிகை ‘லா சிவில்தா கத்தோலிகா’ தொழில்முறைக் குத்துச்சண்டையைச் சட்டம் அனுமதித்த கொலை முயற்சி என்று எழுதியது. மறுபக்கம் பார்த்தால், சிகாகோவில் பிஷப் ஷீல் 1930-ல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கித் தெருப் பையன்களைக் கூட்டி வந்ததே குத்துச்சண்டையைக் காட்டித்தான். வடசென்னையின் சார்பட்டா பரம்பரை என்கிற குத்துச்சண்டைக் குழுவில் பேர்போன வீரர் கித்தேரி முத்து, பெயரே கித்தேரியம்மாள் என்ற கத்தோலிக்கப் புனிதையின் பெயர். ஆறு முறை உலகச் சாம்பியனான மணிப்பூரின் மேரி கோம் வெளிப்படையான கிறிஸ்தவர். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் போர்மேன் 1977-ல் ஒரு தோல்விக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் கடவுளைக் கண்டதாகச் சொல்லிப் போதகராகி, பத்து வருஷம் கையுறையைத் தொடாமல் இருந்தார். இளைஞர் மையம் நடத்தப் பணம் இல்லாமல் திரும்பி வந்து, 1994-ல் 45 வயதில் மறுபடி உலகப் பட்டம் வாங்கினார். இவர்களை எல்லாம் பாவிகள் என்று சொல்ல நான் யார்?

ஆனால் என் பிள்ளை என்றால் ஸ்கிப்பிங், பை குத்துவது, கால் நகர்த்துவது எல்லாம் சரி, தலையில் முழு வேகத்தில் வாங்குவது வேண்டாம் என்பேன். காசுக்கு ஆடுவதும் வேண்டாம்.

டிவியில் பார்ப்பது மட்டும்தான், அதில் என்ன?

பழைய காலத்துச் சபைப் பிதா அகுஸ்தீனின் நண்பர் அலிப்பியுஸ் இதைத்தான் சொன்னார். ரோமில் நண்பர்கள் அவரைக் கிளாடியேட்டர் சண்டைக்கு இழுத்துப்போனபோது, உடம்பு மட்டும்தான் அங்கே இருக்கும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் ஒரேயடியாக அலறியது, கண்ணைத் திறந்தார், ரத்தத்தைப் பார்த்தார், அப்புறம் முகத்தைத் திருப்பவே இல்லை. பிறகு மற்றவர்களை இழுத்துப்போகிற ஆளாகிவிட்டார், பின்னாளில் பிஷப்பும் ஆனார் என்பது வேறு கதை. காதை மூட மறந்துவிட்டாரே என்று அகுஸ்தீன் வருத்தப்படுகிறார். யாராவது விழும்போது சோபாவிலிருந்து எழுந்து கத்துகிறீர்களா என்று மட்டும் உங்களைக் கவனியுங்கள்.

போதகர் யோகா வேண்டாம் என்கிறார், டாக்டர் செய் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

டாக்டரிடம் அசைவுகளை எழுதி வாங்குங்கள். போதகரிடம் அந்தத் தாளைக் காட்டி, இதில் எந்த அசைவு கூடாது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சபையில் புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருவர், முன்பு தீவிரமாக யோகா சாதனை செய்து அதை விட்டு வந்தவர், உங்களைப் பார்த்துக் குழம்புகிறார் என்றால் மட்டும் அவர் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

உங்கள் அம்மா இப்போது செய்கிறார்களா?

செய்கிறார்கள். நாலு மாதம் வலியோடு இருந்துவிட்டு அவர்களே பரணிலிருந்து பாயை எடுத்தார்கள். அந்த மூன்றாவது படத்தில் பத்து எண்ணும்வரை நெஞ்சைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். அம்மா எண்ணுவதில்லை. “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று நிதானமாக இரண்டு தடவை சொல்லிவிட்டு இறக்குகிறார்கள். இதற்குப் பெயர் கிறிஸ்தவ யோகா என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன், தலையணை பறந்து வந்தது.